வெந்நீர்த் தொட்டியும் மின்சாரக் கணக்கும்

அண்மைக் காலத்தில் வசதி படைத்தோர் கட்டும் புதிய வீடுகளிலும் மலைநாட்டு விடுதிகளிலும் ‘ஹாட் டப்’ எனப்படும் வெந்நீர்த் தொட்டி இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. நால்வரோ அறுவரோ ஒருங்கே அமர்ந்து கழுத்தளவு வெந்நீரில் இளைப்பாறுவதற்கான சாதனம் இது. நீரை ஒவ்வொரு நாளும் மாற்றுவதில்லை. வடிகட்டித் தூய்மை செய்து, பல நாட்களுக்கு அதே நீரைச் சூடாகவே வைத்திருப்பது வழக்கம். தொட்டியின் விலையை விற்பவர் சொல்லிவிடுவார். அதனைச் சூடாக வைத்திருப்பதற்கு நாள்தோறும் ஆகும் செலவை வாங்குபவரே கணக்கிட்டு அறிய வேண்டியிருக்கிறது. இக்கணக்கு ஒரு வீட்டின் வரவு செலவோடு முடிவதன்று. மின்சாரத்தை எவ்வேலைக்குப் பயன்படுத்துவது தகும், எவ்வேலைக்குத் தகாது என்னும் பொதுவான கேள்வியும் இதனுள் அடங்கியிருக்கிறது.

முதற்கண் தொட்டியை ஒருமுறை நிரப்பிச் சூடாக்கும் செலவைக் காண்போம். நடுத்தரமான தொட்டி ஒன்று 1,500 லிட்டர் நீர் கொள்ளும் எனக் கொள்வோம். 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணநிலையிலுள்ள நீரைக் குளிப்பதற்கு ஏற்ற 40 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். ஒரு லிட்டர் நீரின் உஷ்ணநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் தேவை. ஆகவே 1,500 லிட்டரை 15 டிகிரி உயர்த்த 22,500 கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். எனவே ஏறத்தாழ 26 யூனிட் செலவாகும். ஒருவர் வாளியில் 18 லிட்டர் வெந்நீர் எடுத்துக் குளிப்பதற்கு ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஒரு தொட்டி நீரைச் சூடாக்கும் மின்சாரத்தைக் கொண்டு 80 பேருக்கு மேல் வாளியில் வெந்நீர்க் குளியல் செய்யலாம். அதே 26 யூனிட்டில் 9 வாட் விளக்கு ஒன்று, இரவுக்கு 5 மணி நேரம் வீதம், ஒன்றரை ஆண்டுக்கு மேல் எரியும்.

இந்த 26 யூனிட் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். கேரளத்தின் மிகப் பெரிய நீர்மின் நிலையம் இடுக்கித் திட்டத்தினுடையது. 1976ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இதன் மொத்தத் திறன் 780 மெகாவாட். இடுக்கி நீர்த்தேக்கத்தின் நீர் மலையைக் குடைந்து அமைத்த வழியாகச் சுமார் 660 மீட்டர் இறங்கி, மூலமற்றத்தில் நிலத்தடியிலுள்ள யந்திரங்களைச் சுழற்றுகிறது. இத்துணை உயரத்திலிருந்து விழும் நீரின் சக்தி அளப்பரியது என்றே தோன்றும். ஆனால் வெப்பத்தின் அளவுகோலால் அளந்தால் வியப்பே மிஞ்சும். வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடாக மாறுவன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில விஞ்ஞானி ஜூல் சோதனைகளால் நிறுவினார். அக்கணக்கின்படி, நீர் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து அதன் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், அந்நீரின் உஷ்ணநிலை ஒரே ஒரு டிகிரிதான் உயரும். இடுக்கியின் 660 மீட்டர் வீழ்ச்சி முழுவதும் வெப்பமாயினும் நீர் ஒன்றரை டிகிரியே சூடாகும்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? ஒரு லிட்டர் நீரை 15 டிகிரி சூடாக்க இடுக்கியிலிருந்து ஒரு லிட்டர் நீர் இறங்கினால் போதாது. குறைந்தது 10 லிட்டர் இறங்க வேண்டும். யந்திரங்களிலும் மின்கம்பிகளிலும் நேரும் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 லிட்டர் ஆகிறது. 1,500 லிட்டர் தொட்டிக்காக மலையிலிருந்து இறங்க வேண்டிய நீர் சுமார் 18,000 லிட்டர். இதுவும் மின்சாரம் முழுவதும் நீர்வீழ்ச்சியிலிருந்தே கிடைப்பதாகக் கொண்ட கணக்கு. உண்மையில் கேரளம் தனக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அதில் நிலக்கரியால் ஆக்கப்படுவதும் உண்டு. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. எஞ்சியது குளிர்விக்கும் நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரியை எரித்து, அதில் மூன்றில் இரு பங்கை இழந்து, மிஞ்சியதை நெடுந்தொலைவு கொண்டுவந்து, இறுதியில் 40 டிகிரி நீராக்குவது சிக்கனம் ஆகாது.

மின்சாரம் சக்தி வகைகளுள் உயர்ந்தது. யந்திரத்தைச் சுழற்றவும், விளக்கேற்றவும், நீர் இறைக்கவும், செய்தி அனுப்பவும் வல்லது. வெதுவெதுப்பான நீரின் வெப்பமோ இவற்றுள் எதனையும் செய்யவியலாத தாழ்ந்த சக்தி. இத்தாழ்ந்த வேலைக்கு உயர்ந்த சக்தியை நேரடியாகச் செலவிடுதல், பொற்காசை உருக்கிக் கதவுக்குத் தாழ்ப்பாள் செய்வது போன்றதாகும்.

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், வாளையாற்றுக்கு அருகிலுள்ள கஞ்சிக்கோடு இவ்விஷயத்தில் சிறந்த பாடம் புகட்டும் இடமாகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்த பெரும் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயில் இவ்வூர் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அக்கணவாய் வழியே காற்று விசையுடன் பாய்கிறது. இதனைப் பயன்படுத்தும் பொருட்டுக் கேரள மாநில மின்சார வாரியம் 1995ஆம் ஆண்டில் இங்கு 9 காற்றாலைகளை நிறுவியது. ஒவ்வொன்றின் திறனும் 225 கிலோவாட். இத்தகைய காற்றாலை ஒன்று முழுத் திறனுடன் ஒரு மணி நேரம் சுழன்றால் 225 யூனிட் கிடைக்கும். அதைக் கொண்டு எட்டுத் தொட்டிகளைத்தான் ஒருமுறை சூடாக்கலாம். காற்று ஆண்டு முழுவதும் அவ்வாறு வீசுவதும் இல்லை.

மின்சாரம் தரும் அதே காற்று, திறந்த தொட்டியிலிருந்து வெப்பத்தைப் பறித்துச் செல்வதும் கஞ்சிக்கோட்டில் கருதத்தக்கது. தொட்டியின் வெப்பம் வெளியேறும் வழிகளுள் பெரியது, நீர் ஆவியாதலே. 40 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 575 கிலோகலோரி வெப்பத்தை உடன்கொண்டு செல்கிறது. அதாவது ஒவ்வொரு லிட்டர் ஆவியும் ஒரு யூனிட்டில் மூன்றில் இரு பங்கு. நான்கு சதுர மீட்டர் பரப்புள்ள தொட்டி, 25 டிகிரி உஷ்ணமும் மிதமான ஈரப்பதமும் உள்ள அசைவற்ற காற்றில் திறந்திருந்தால், மணிக்குச் சுமார் மூன்றரை லிட்டர் நீர் ஆவியாகும் என்பது பொறியியலார் கணக்கு. இதனால் இழப்பது மணிக்கு 2 யூனிட்டுக்கு மேல். மணிக்கு 11 கிலோமீட்டர் வேகமுள்ள மெல்லிய காற்று வீசினாலே இவ்விழப்பு மும்மடங்காகி 7 யூனிட்டைத் தாண்டும். தொட்டியிலுள்ள சூடேற்றியின் திறன் 3 கிலோவாட் ஆனால், அது இடைவிடாது இயங்கும்போதே நீர் குளிர்ந்துகொண்டிருக்கும். உரிமையாளர் கட்டணம் செலுத்துவது வானத்தைச் சூடாக்குவதற்கே எனலாம்.

மூடி இருந்தால் நிலைமை பெரிதும் மாறுகிறது. கனமான வெப்பக் காப்பு மூடியும், சுவரைச் சுற்றி நல்ல காப்பும் அமைந்த தொட்டி, மூடிய நிலையில் நாள் ஒன்றுக்கு 3 அல்லது 4 யூனிட்டளவே இழக்கும். நாள்தோறும் ஒரு மணி நேரம் திறந்து பயன்படுத்துவதையும், நீரைச் சுழற்றும் பம்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 8 யூனிட் ஆகும். மாதம் 240 யூனிட். ஒழுங்காகப் பேணப்படும் தொட்டிக்கே இவ்வளவு.

இவ்வெண்ணைக் கேரளத்தின் மின் கட்டண முறையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மாதம் 250 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டிற்குப் படிப்படியான கட்டணம். முதற்படிகளின் குறைந்த வீதம் எல்லோருக்கும் கிடைக்கும். 250 யூனிட்டைக் கடந்துவிட்டால் அச்சலுகை நீங்கி, முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த வீதம் விதிக்கப்படுகிறது. மாதம் 150 யூனிட்டில் அடங்கியிருந்த குடும்பம் தொட்டியை வாங்கியதும் 390 யூனிட்டை எட்டும். தொட்டியின் 240 யூனிட்டுக்கு மட்டுமன்றி, விளக்குக்கும் விசிறிக்கும் ஆன பழைய 150 யூனிட்டுக்கும் அதிக விலை கொடுக்க நேரிடும். யூனிட்டுக்கு 8 ரூபாய் எனக் கொண்டாலும் தொட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 23,000 ரூபாய் ஆகிறது. மேலும், வேலை முடிந்து வீடு திரும்பியோர் தொட்டியை நாடும் மாலை நேரமே மாநிலத்தில் மின் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். அப்போது சூரிய மின்சாரமும் மறைந்துவிடும்.

வெந்நீர்க் குளியலின் நன்மையை எவரும் மறுப்பதற்கில்லை. கர்க்கடக மாதத்து எண்ணெய்க் குளியலைக் கேரள மக்கள் போற்றுவர். மூட்டு நோவுற்ற முதியோருக்கு வெந்நீர் இதம் தரும். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பத்தினரான ஜக்கூசி சகோதரர்களுள் ஒருவர், மூட்டு நோயால் வருந்திய தம் மகனுக்காகவே நீரைச் சுழற்றும் பம்பை அமைத்தார். இன்றைய சுழல்நீர்த் தொட்டிகள் பலவும் அதன் வழிவந்தவை. ஆயினும், பூமியின் வெப்பம் நிலத்தடி நீர் வழியே இயல்பாகக் கிடைக்கும் நாட்டின் வழக்கம் மற்றெல்லா நாடுகளுக்கும் பொருந்திவிடாது. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் புவிவெப்பமே கணப்பு. அங்கு வெந்நீர்த் தொட்டி ஊர்தோறும் உண்டு. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் பூமியின் கொடையே. கஞ்சிக்கோட்டில் அத்தகைய ஊற்று இல்லை. கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் வெந்நீர்த் தொட்டியின் தேவையும் இல்லை.

ஆனால் அவ்வெயிலே இப்பகுதியின் வெந்நீர் ஊற்றாகும். சதுர மீட்டருக்கு நாள்தோறும் சராசரியாக ஏறத்தாழ 5 யூனிட்டுக்குச் சமமான சூரிய வெப்பம் இங்குக் கிடைக்கிறது. அதில் பாதியைப் பிடித்தாலும் 4 சதுர மீட்டர் பரப்புள்ள சூரிய வெந்நீர்க் கலம் நாளைக்கு 10 யூனிட்டுக்கு ஈடான வெப்பம் தரும். பேணப்பட்ட தொட்டியின் அன்றாடத் தேவை அதில் அடங்கும். தொட்டியை முதலில் சூடாக்க மூன்று நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. மழைக்காலத்தில் மேகம் மறைக்கும் நாட்களுக்கு வெப்பப் பம்பு துணையாகும். குளிர்ப்பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவது போன்று, இது சுற்றுக்காற்றின் வெப்பத்தை ஈர்த்து நீரில் சேர்க்கிறது. அதே வெப்பத்தை மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டே தரும். காற்றை மறைக்கும் சுவர் ஒன்றும் செறிவான மூடியும் இவ்விரண்டிற்கும் முன்னர் வேண்டுவன.

வெந்நீர்த் தொட்டி வைத்திருப்போர் சிலரே. ஆனால் மின்சார வெந்நீர்க் கலம், மக்கள் ‘கீசர்’ என்று வழங்குவது, நடுத்தரக் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. காலையில் போட்டதை மறந்து நாள் முழுவதும் விட்டுவிடுவதும், ஒருவருக்கு வேண்டிய நீருக்காகப் பெரிய கலம் வாங்குவதும் இதே பிழையின் சிறு வடிவங்கள். களப்பணியாளர்கள் வீடுகளுக்குச் செல்லும்போது கலத்தின் நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து வாங்குமாறும், வேண்டிய நேரத்தில் மட்டும் போடுமாறும் எடுத்துரைக்கலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே மெய்ப்பித்துக் காட்ட இயலும். ஒரே வகையான மூன்று பாத்திரங்களில் 60 டிகிரி வெந்நீர் ஒவ்வொரு லிட்டர் ஊற்றுக. ஒன்றைத் தட்டால் மூடுக. ஒன்றைத் திறந்து வைக்க. மூன்றாவதைத் திறந்த நிலையில் மின்விசிறிக்கு எதிரே வைக்க. ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை உஷ்ணமானியால் அளந்து, மூன்று கோடுகளாக வரைபடத்தாளில் குறிக்கச் செய்க. அரை மணியில் மாணவர்கள் காணும் வேறுபாடு, ஆவியாதலின் மறை வெப்பத்தைப் பற்றிய நீண்ட விரிவுரையினும் தெளிவாக மனத்திற் பதியும். அதன்பின் இடுக்கியின் 660 மீட்டரையும் ஜூலின் 427 மீட்டரையும் கரும்பலகையில் எழுதி வகுக்கச் சொல்லலாம்.

வசதியைத் துறக்குமாறு எவரையும் வற்புறுத்துதல் விஞ்ஞானத்தின் வேலையன்று. வசதியின் உண்மையான விலையை அறிவித்தலே அதன் கடமை. நாற்பது டிகிரி வெப்பத்தைத் தருவதற்குக் கூரைமேல் காயும் வெயில் போதும். மலையினின்று இறங்கும் நீரும் கணவாயில் வீசும் காற்றும் தரும் மின்சாரத்தை, வெயிலால் ஆகாத வேலைகளுக்கென்று காத்து வைப்பதே கஞ்சிக்கோட்டிற்கு மட்டுமன்றி நாட்டிற்கே நலம் தருவதாகும்.