நாற்பது வருடங்களுக்குப் பின் ஒரு கைது: நிம்மதிக்குப் பின்னால் நிற்கும் கேள்விகள்

2018 ஏப்ரல் 24 ஆம் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத் தலைநகர் சக்ரமென்டோவை அண்டிய சிட்ரஸ் ஹைட்ஸ் என்ற புறநகர்ப் பகுதியில் 72 வயதான ஒருவர் தனது வீட்டுக்கு வெளியே வைத்துக் கைது செய்யப்பட்டார். பெயர் ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ. 1970களிலும் 80களிலும் அம்மாநிலத்தையே நடுங்க வைத்த ‘கோல்டன் ஸ்டேட் கில்லர்’ என்ற தொடர் கொலையாளி இவர்தான் என்று மறுநாள் அதிகாரிகள் அறிவித்தார்கள். 12 கொலைகள், ஏறத்தாழ 50 பாலியல் வல்லுறவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட வீடுடைப்புகள் அப்போது அந்தப் பெயரின் கீழ் எண்ணப்பட்டன.

அன்றிலிருந்து ஒரு மாதமாக உலக ஊடகங்கள் இச்செய்தியை விடவில்லை. எமது பேஸ்புக் பக்கங்களிலும் அது வலம் வந்தது. உயர்தர வகுப்பு மாணவர்கள்கூட ஒரு மர்மப் படத்தின் கடைசிக் காட்சியைப் பேசுவது போல இதைப் பேசிக்கொண்டார்கள். ஆனால் இது படமல்ல. இந்தக் கைதை மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்தால், குற்றம், சட்டம், அயல், நம்பிக்கை என்பவை பற்றி எமக்கும் தேவையான பல விடயங்கள் அதற்குள் இருக்கின்றன.

ஓர் ஊரின் தூக்கத்தைக் கெடுத்தவன்

1976 ஜூன் மாதம் சக்ரமென்டோவின் கிழக்கே உள்ள ரான்சோ கோர்டோவா பகுதியில்தான் பாலியல் வல்லுறவுத் தாக்குதல்கள் ஆரம்பித்தன. இரவில் முகமூடியுடன் வீட்டுக்குள் நுழைவான். முதலில் தனியாக இருந்த பெண்களைத் தாக்கினான். பின்னர் கணவனும் மனைவியும் ஒன்றாக இருந்த வீடுகளுக்குள்ளும் புகுந்தான். கணவனைக் கட்டிப்போட்டு, முதுகின் மீது பீங்கான்களை அடுக்கி வைத்து, அவை விழும் சத்தம் கேட்டால் இருவரையும் கொன்றுவிடுவேன் என்று மிரட்டுவான். 1978 பெப்ரவரியில் நாயுடன் நடக்கச் சென்ற ஓர் இளம் தம்பதி சுட்டுக் கொல்லப்பட்டனர். 1979 இல் தாக்குதல்கள் தெற்குக் கலிபோர்னியாவுக்கு நகர்ந்தன. அங்கு அவை பெரும்பாலும் கொலைகளாகவே முடிந்தன. 1986 மே மாதம் இர்வைன் நகரில் 18 வயதுப் பெண்ணொருவர் கொல்லப்பட்டதே கடைசிச் சம்பவம்.

வடக்கே தாக்கியவனுக்கு ஒரு பெயரும் தெற்கே கொன்றவனுக்கு வேறொரு பெயருமாகப் பொலிஸார் தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒருவனே என்பதை 2001 இல்தான் மரபணுப் பரிசோதனை காட்டிக்கொடுத்தது.

இந்தப் பின்னணியை அறிந்தால்தான் ஏப்ரல் மாதம் அங்கு எழுந்த நிம்மதிப் பெருமூச்சைப் புரிந்துகொள்ள முடியும். அந்தக் காலத்தில் சக்ரமென்டோவில் மக்கள் பூட்டுகளை மாற்றினார்கள், நாய்களை வாங்கினார்கள், துப்பாக்கி வாங்கினார்கள். அன்று தாக்கப்பட்ட பெண்களில் பலர் இன்று அறுபது, எழுபது வயதைத் தொட்டவர்கள். ஜன்னல் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும் பழக்கத்தோடு நாற்பது வருடங்கள் வாழ்ந்தவர்கள். அவர்கள் அழுததையும் ஒருவரையொருவர் கட்டித் தழுவியதையும் யாரும் குறை சொல்ல முடியாது. முதலாவது எதிர்வினை அதுதான், நியாயமானதும் அதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர், அதிலும் ஒரு பொலிஸ்காரர்

இரண்டாவது எதிர்வினை அதிர்ச்சி. சந்தேகநபர் எங்கோ காட்டில் ஒளிந்திருக்கவில்லை. தாக்குதல்கள் நடந்த அதே பிரதேசத்தில், புல்வெளியை ஒழுங்காகப் பராமரித்துக்கொண்டு வாழ்ந்தவர். பல வருடங்கள் ஒரு பல்பொருள் அங்காடி நிறுவனத்தின் களஞ்சியத்தில் லொறி திருத்துநராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளும் உண்டு. சத்தம் போட்டு ஏசும் முன்கோபக்காரர் என்பதற்கு மேல் அயலவர்கள் எதையும் சந்தேகிக்கவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, 1973 முதல் 1979 வரை அவர் பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தார் என்பது. முதலில் எக்ஸிடர், பின்னர் ஓபர்ன் என்ற சிறு நகரங்களில் கடமையாற்றினார். 1979 இல் ஒரு கடையில் சுத்தியலும் நாய்களை விரட்டும் மருந்தும் திருடியதாகப் பிடிபட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். மக்கள் எந்தச் சீருடையிடம் பாதுகாப்புக் கேட்டு ஓடினார்களோ, அதே சீருடையைப் பகலில் அணிந்தவரே இரவில் அவர்களின் வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்.

சீருடை என்பது ஓர் அமானிதம். அது துஷ்பிரயோகம் செய்யப்படும்போது பாதிக்கப்படுவது ஒரு குடும்பம் மாத்திரமல்ல, முழுச் சமூகத்தின் நம்பிக்கையும்தான். சுத்தியலும் நாய் விரட்டும் மருந்தும் ஒரு பொலிஸ்காரருக்கு எதற்கு என்று 1979 இல் யாராவது துருவிக் கேட்டிருந்தால் என்ற கேள்வி கைதுக்குப் பின்னர் அங்கு எழுந்தது. பின்னால் நின்று பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிவது உண்மைதான். ஆனாலும் ஓர் உத்தியோகத்தரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கோவையை மூடும் பழக்கம் எந்த நாட்டு நிர்வாகத்துக்கும் ஆபத்தானது.

அயலவர்களின் திகைப்பில் இன்னொரு பாடமும் உண்டு. கொடூரமானவன் என்றால் அவன் முகத்திலேயே அது எழுதியிருக்கும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். அந்த நம்பிக்கை எமக்கு நிம்மதி தருகிறது, பாதுகாப்புத் தருவதில்லை. பிள்ளைகளுக்கு அந்நியர்களிடம் கவனமாக இருங்கள் என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தெரிந்தவர்களைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதும் இந்த நம்பிக்கையின் விளைவுதான்.

அந்த ஒரு மாதத்தில் வருந்தத்தக்க ஒன்றும் நடந்தது. சந்தேகநபருக்கு இளமையில் நிச்சயிக்கப்பட்டு, பின்னர் அந்தத் திருமணத்தை வேண்டாம் என்று சொன்ன ஒரு பெண்ணின் பெயரைத் தேடிப்பிடித்து, அவர் விலகியதுதான் இத்தனைக்கும் காரணமோ என்ற தொனியில் செய்திகள் எழுதப்பட்டன. ஓர் ஆண் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்குக் காரணம் தேடும்போது, விரல் ஏன் ஒரு பெண்ணை நோக்கியே நீள்கிறது? இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய நோயல்ல.

மரபணு காட்டிய வழியும் அது எழுப்பிய அச்சமும்

மூன்றாவது எதிர்வினை விவாதமாக மாறியது. அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அதன் மையம்.

1980 இல் தனது சகோதரனையும் சகோதரனின் மனைவியையும் இந்தக் கொலையாளியிடம் பறிகொடுத்த ஒருவர் முன்னின்று பாடுபட்டதால், 2004 இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். பாரதூரமான குற்றங்களில் தண்டனை பெறுவோரின் மரபணு மாதிரியைச் சேகரிக்கும் சட்டம் அது. ஆனால் அந்தச் சேமிப்பில் இந்தச் சந்தேகநபரின் மாதிரி இருக்கவில்லை.

எனவே புலனாய்வாளர்கள் வேறு வழியில் சென்றார்கள். தமது பரம்பரையைத் தேடும் பொதுமக்கள் மரபணு விபரங்களைத் தாமாகவே பதிவேற்றும் ‘ஜிஈடிமெட்ச்’ என்ற இலவச இணையத்தளத்தில், பழைய குற்றத் தடயத்திலிருந்து பெற்ற விபரத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். கிடைத்தது குற்றவாளி அல்ல, அவனது தூரத்து உறவினர்கள். 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பொது மூதாதையரிலிருந்து கீழ்நோக்கி வம்சாவளியை வரைந்து, வயது, பாலினம், வாழ்ந்த இடம் என ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து ஒருவரிடம் வந்து சேர்ந்தார்கள். பின்னர் அவரைப் பின்தொடர்ந்து, அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து மாதிரி எடுத்து ஒப்பிட்டார்கள். அது பொருந்தியது.

இது பெரும் சாதனை என்பதில் சந்தேகமில்லை. 2018 மே மாதத்திலேயே வொஷிங்டன் மாநிலத்தில் 1987 இல் நடந்த ஓர் இரட்டைக் கொலை தொடர்பிலும் இதே முறையில் ஒருவர் கைதானார். ஆனால் அந்த இணையத்தளத்தில் விபரம் கொடுத்தவர்கள் தமது பாட்டன், பூட்டனைத் தேடிக் கொடுத்தார்களே தவிர, பொலிஸாருக்கு உதவக் கொடுக்கவில்லை. ஒருவர் தன் மரபணுவைக் கொடுக்கும்போது, தன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படாத மச்சான், மாமன் மக்கள், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள் எல்லோருடைய விபரத்தையும் சேர்த்தே கொடுக்கிறார். எதிர்ப்பு எழுந்த பின்னர், பாரதூரமான வன்முறைக் குற்றங்களுக்கு இத்தளம் பயன்படுத்தப்படலாம் என்று அந்நிறுவனம் 2018 மே 20 ஆம் திகதி தன் விதிமுறைகளில் வெளிப்படையாகச் சேர்த்தது.

“குற்றம் செய்யாதவன் ஏன் பயப்பட வேண்டும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதே வழக்கில் 2017 இல் ஒரிகன் மாநிலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருந்த 73 வயதான ஒருவரிடம் நீதிமன்ற உத்தரவுடன் மரபணு மாதிரி பெறப்பட்டது. ஓர் அரிய மரபணு அடையாளம் ஒத்துப்போனதுதான் காரணம். அவருக்கும் குற்றத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. பரிசோதனை முடியும் வரை பொலிஸார் பொறுமை காத்தார்கள். அந்த இடைவெளியில் அவரது படம் இணையத்தில் பரவியிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்?

கைது தீர்ப்பல்ல

இந்தக் கேள்விக்கான பதில் எமது நாட்டிலேயே இருக்கிறது. 2015 செப்டம்பரில் கொட்டதெனியாவவில் ஐந்து வயதுச் சிறுமியொருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. 17 வயது மாணவன் ஒருவனும் இன்னொருவரும் கைது செய்யப்பட்டார்கள். பலரது மனதில் வழக்கு அன்றே முடிந்துவிட்டது. மரபணு அவர்களுடையதல்ல என்று அறிக்கை வந்தது. அடுத்து ஒருவர் பிடிபட்டார். அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் அறிவிக்கப்பட்டது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவரது சகோதரனுடையது. 2016 மார்ச்சில் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டதும் அந்தச் சகோதரனைத்தான். அந்த மாணவன் இழந்த நாட்களையும் அவன் மீது விழுந்த பெயரையும் எந்த அறிக்கை திருப்பிக் கொடுக்கும்?

கலிபோர்னியாச் சந்தேகநபருக்கு எதிரான மரபணுச் சான்று மிக வலுவானது என்றே கைதின்போது அரச தரப்பு கூறியது. அப்படியே இருக்கலாம். ஆனாலும் அதை நீதிமன்றத்தில் வைத்து, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் கேள்விகளைத் தாண்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 27 ஆம் திகதி அவர் சக்கர நாற்காலியில் மன்றுக்குக் கொண்டுவரப்பட்டபோது, இவர் சில நாட்களுக்கு முன்னர்தானே மோட்டார் சைக்கிள் ஓட்டித் திரிந்தார், இது நடிப்பு என்று மக்கள் ஆத்திரப்பட்டார்கள். ஆத்திரம் புரிகிறது. அதற்காகத் தீர்ப்பை ஆத்திரத்திடம் ஒப்படைக்க முடியாது. உறுதியான சான்று இருக்கும் வழக்கில் பொறுமை காக்கத் தெரியாத சமூகம், சான்று இல்லாத வழக்கில் நிச்சயம் பொறுமை காக்காது.

சட்டம் கைவிட்ட பெண்கள்

கொண்டாட்டச் சத்தத்தில் அதிகம் கேட்காமல் போன விடயம் ஒன்று உண்டு. கைதுக்குப் பின்னர் முதலில் தொடுக்கப்பட்டவை கொலைக் குற்றச்சாட்டுகள் மட்டுமே. ஏறத்தாழ ஐம்பது பாலியல் வல்லுறவுச் சம்பவங்களில் ஒன்றுக்குக்கூட வல்லுறவு என்ற பெயரில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. காரணம், அக்காலக் கலிபோர்னியச் சட்டப்படி அவற்றுக்கு வழக்குத் தொடரும் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 2016 இல் அம்மாநிலம் அந்தக் கால எல்லையை நீக்கியது. ஆனால் ஏற்கனவே காலாவதியான குற்றங்களுக்கு அது பொருந்தாது. நாற்பது வருடங்கள் காத்திருந்த பெண்கள், தாக்கியவன் இவன்தான் என்று தெரியவந்த பிறகும், தமக்கு நடந்த வல்லுறவுக்காக அவன் மீது வழக்குத் தொடர முடியாத நிலையில் இருந்தார்கள். கொல்லப்பட்டிருந்தால் சட்டம் நினைவில் வைத்திருக்கும். உயிர் தப்பியதால் மறந்துவிட்டது.

இதை அமெரிக்காவின் குறை என்று சொல்லிக் கடந்து செல்லவும் முடியாது. எமது 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவின்படி, கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் கால எல்லை இல்லை. விசேட சட்ட ஏற்பாடு இருந்தாலன்றி ஏனைய குற்றங்கள் 20 வருடங்களுடன் வழக்குத் தொடர முடியாதவையாகிவிடும். ஆறு வயதில் பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளை, நடந்தது என்ன என்பதை விளங்கி, பயத்தை வென்று, குடும்பத்தின் ‘மானம் போகும்’ என்ற வாயடைப்பையும் தாண்டிப் பேச வரும்போது 26 வயது கடந்திருந்தால், கதவு பூட்டியிருக்கும். வெளிநாட்டுக் கொலையாளி பற்றிய ஆயிரம் பகிர்வுகளைவிட, இந்தப் பிரிவைப் பற்றி எமது சட்டத்தரணிகளும் மக்கள் பிரதிநிதிகளும் ஒரு தடவை பேசுவது பயனுள்ளது.

யாருடைய பெயர் நினைவில் நிற்க வேண்டும்?

இந்த வழக்கை மீண்டும் மக்கள் மத்தியில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மிஷெல் மெக்னமாரா என்ற எழுத்தாளர். ‘கோல்டன் ஸ்டேட் கில்லர்’ என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. 2016 இல் அவர் காலமானார். அவரது நூல் 2018 பெப்ரவரியில்தான் வெளிவந்தது. கைதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நூல் மூலம் கைது நடக்கவில்லை என்று பொலிஸார் கூறினாலும், மறக்கப்பட்ட வழக்கை மறக்க விடாமல் வைத்திருந்ததில் அவரது உழைப்புக்குப் பங்குண்டு.

ஆனால் கவர்ச்சியான பட்டப்பெயருக்கு ஒரு பக்கவிளைவும் இருக்கிறது. கொலையாளி கதாநாயகன் போல ஆகிவிடுகிறான், பாதிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கையாகச் சுருங்கிவிடுகிறார்கள். எமது மாணவர்களிடம் கேட்டால் கொலையாளியின் தந்திரங்களை வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் பெண்கள் அடுத்த நாற்பது வருடங்களை எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டால் மௌனம்தான் பதிலாகக் கிடைக்கும்.

தீர்ப்பு எதுவானாலும் அது நீதிமன்றத்தின் வேலை. எமது வேலை வேறு. பாதிக்கப்பட்டவர் பேசும்போது நம்பிக் கேட்பதும், கைதானவரின் படத்தைப் பகிர முன்னர் விரலைச் சற்று நிறுத்துவதும், சட்டத்தில் உள்ள ஓட்டைகளை அடைக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதும்தான் அது. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மூன்றையும் ஒன்றாகச் செய்யத் தெரிந்த சமூகத்தில்தான் ஒரு பெண் நீதிக்காக நாற்பது வருடங்கள் காத்திருக்க வேண்டியிராது.