மஜ்ஜை மாற்றுக்குப் பின் வரும் சோகை

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1986ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அத்தகைய சிகிச்சை பெற்று, இராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ வீடு திரும்பிய ஒருவர் தேறிவரும் வேளையில் மீண்டும் முகம் வெளுக்கிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வீட்டார் ஈரலும் பேரீச்சம்பழமும் கொடுக்கின்றனர்; இரும்புச் சத்து டானிக்கும் வாங்குகின்றனர். ஆயினும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஏன்?

பழைய நோய் திரும்புதல், மருந்தின் விளைவு, இரத்த வகை வேற்றுமை எனக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதில் மறக்கப்படுவது பார்வோ வைரஸ் பி-19. இதனை 1975இல் உலகுக்கு அறிவித்தவர் இலண்டனில் பணியாற்றிய யுவோன் கோசார்ட் அம்மையார். மஞ்சள் காமாலைக் கிருமிக்கான பரிசோதனையின்போது, 'பி' வரிசையின் 19ஆம் மாதிரியில் தற்செயலாக அகப்பட்டதால் இப்பெயர்.

இவ்வைரஸ் சிவப்பணுக்களைப் பெற்றெடுக்கும் இளம் அணுக்களில் புகுந்து அவற்றை அழிக்கிறது. நலமாயிருப்பவரின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால், ஒரு வார உற்பத்தி நின்றாலும் அவருக்குத் தெரிவதில்லை. அதற்குள் எதிர்ப்பொருள் உருவாகிக் கிருமியை அடக்கிவிடும். மஜ்ஜை மாற்றியவருக்கோ அவ்வாற்றல் இன்னும் முளைக்கவில்லை. கிருமி மாதக்கணக்கில் தங்குகிறது. ஆலையே மூடிக்கிடக்கையில் மூலப்பொருளைக் கொட்டி என்ன பயன்? பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவர் உடலில் இரும்பு மிகுந்திருக்கவும் கூடும். எனவே மருத்துவரைக் கேளாமல் டானிக் தருவது தீங்காகலாம்.

எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை இவர்களிடம் பொய்த்துப் போகலாம். வைரஸின் மரபுப் பொருளையே காணும் பி.சி.ஆர். சோதனையே துணை. இதற்கென்று தனி மருந்தோ தடுப்பூசியோ இல்லை. பலருடைய இரத்த தானத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியே செலுத்தினால் பெரும்பாலோர் தேறுகின்றனர். சிலருக்குத் திரும்ப வருவதால் தொடர்ந்த கண்காணிப்பு தேவை.

நோயுற்றாரைச் சென்று காண்பது நம்மிடையே நற்செயல். ஆனால் சளியும் காய்ச்சலும் உள்ள குழந்தையை உடன் அழைத்துச் செல்லாதீர்கள். இக்கிருமி மூச்சுத் துளிகள் வழியே பரவுவது. கன்னம் சிவக்கும் முன்னரே குழந்தை அதனைப் பரப்பிவிடுகிறது. சோப்பிட்டுக் கை கழுவுங்கள். இயலாதபோது வாசலில் நின்றே நலம் விசாரியுங்கள். அன்பு அதனால் குறைந்துவிடாது.