தமிழன் அறிவுக்குத் தமிழில் ஆவணம் இல்லை!

நிலத்தை விற்பவன் நான்கு எல்லைகளையும் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுகிறான். தன் அறிவை விற்கும் தமிழ்க் கம்மியனோ தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பெற்ற தாளில் கையெழுத்திட வேண்டியுள்ளது. இக்கொடுமைக்குக் கரணியம் அவன் அறியாமையன்று, அரசின் மொழிக்கொள்கையே!

புதியதொன்றைப் புனைந்தவனுக்கு அரசு தரும் தனியுரிமையே காப்புரிமை. 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் இன்றுள்ளவாறு, அது வேண்டுகை அளித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை நிற்கும். அதற்குள் அதனை நிலம்போல் விற்கலாம். குத்தகைபோல் உரிமமாகவும் வழங்கலாம். இரண்டும் ஒன்றல்ல. உரிமம் தந்தவன் உடையவனாகவே இருக்கிறான். உரிமையையே முற்றாக மாற்றித் தந்தவனோ, தான் புனைந்ததைத் தானே செய்து விற்பதற்கும் வாங்கியவனின் இசைவை வேண்டி நிற்பான். புனைந்தவன் என்று ஏட்டில் அவன் பெயர் நிற்கலாம். அப்பெயரால் உடைமை திரும்பாது.

அச்சட்டத்தின் 68-ஆம் பிரிவு வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில் இருத்தல் வேண்டும். இருவரின் உரிமைகளும் கடமைகளும் முழுமையாக அவ்வாவணத்தில் அடங்கல் வேண்டும். 69-ஆம் பிரிவின்படி அதனைக் காப்புரிமைப் பதிவேட்டிலும் பதிதல் வேண்டும். பதியாத ஆவணத்தை, மன்றம் தனியே ஆணையிட்டாலன்றி, உடைமைக்குச் சான்றாகக் கொள்வதில்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லிலும் உடைமை தொங்குகிறது. 'உரிமம்' என்று எண்ணியவன் 'மாற்றம்' என்னும் சொல்லின்கீழ்க் கையெழுத்திட்டால், 20 ஆண்டுப் பயனும் ஒரே நாளில் போய்விடும்.

இத்துணை நுட்பமான செய்தியில் தமிழுக்கு இடமுண்டா? 2003-ஆம் ஆண்டின் காப்புரிமை விதிகளுள் 9-ஆம் விதி, அலுவலகத்தில் அளிக்கும் ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும் என்கிறது. கட்டுப்பாட்டாளர் தனியே இசைந்தாலன்றி வேறு மொழிக்கு வழியில்லை. நாட்டின் நான்கு காப்புரிமை அலுவலகங்களுள் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. ஆங்கும் இந்திக்கு உரிமை உண்டு, தமிழுக்கு இல்லை!

செருமனியின் மியூனிக்கு நகரில் தலைமையிடங் கொண்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தைப் பாருங்கள். அதன் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் ஆகிய மூன்றே. எனினும் முதல் வேண்டுகையை எம்மொழியிலும் அளிக்கலாம். மொழிபெயர்ப்பைப் பின்னர் இணைத்தால் போதும். மியூனிக்கில் நுழையும் தமிழ், சென்னையில் வாயிலிலேயே நிறுத்தப்படுகிறது. தமிழரின் தன்மானத்துக்கு இதனினும் இழிவு வேறுண்டோ?

நடுவண் அரசு 9-ஆம் விதியைத் திருத்தித் தமிழ் வேண்டுகையை ஏற்றல் வேண்டும். தமிழக அரசு உரிமை மாற்றத்துக்கும் உரிமத்துக்கும் தமிழில் மாதிரி ஆவணங்கள் வெளியிடல் வேண்டும். அதுவரை தமிழ்க் கம்மியர், தமிழில் எழுதித் தராத எவ்வுடன்படிக்கையிலும் கையெழுத்திட மறுத்தல் வேண்டும். தாய்மொழியில் ஆளப்படாத உடைமை, என்றும் பிறன் கைப்பொருளே!