ஜவ்வாது மலைக்குக் கூடாரம் வேணாம், சாக்பீஸ் டப்பா போதும்

மொதல்லயே சொல்லிடறேன். கேம் ஜாம் எனக்குப் பிடிக்கும். அதைக் கல்யாண ரிசப்ஷன் மாதிரி நடத்தறதுதான் பிடிக்காது.

மேட்டர் இதுதான். பகல்ல ஆணி புடுங்கிட்டு வார இறுதியில விளையாட்டு செஞ்சு பார்க்கிற ஒன்பது பேர் கொண்ட கோஷ்டி எங்களுது. ரெண்டு நாள் ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் பக்கம் போய், மூணு அணியாப் பிரிஞ்சு விளையாட்டு செய்யலாம்னு பேச்சு. நல்ல பேச்சுதான். ஆனா ஒரே வாரத்துல அது எங்கெங்கயோ போயிடுச்சு. ஒரு கட்சி, "அணிக்கு ஒரு கேம், பிரம்மாண்டமா, தமிழர் வரலாறு பேசணும்"ங்குது. இன்னொரு கட்சி, "கூடாரம், கேம்ப்ஃபயர், 48 மணி நேரம் தூங்காம கோடிங், டிரோன்ல வீடியோ, முதல் பரிசு"ங்குது. நான் ரெண்டுக்கும் எதிர்க்கட்சி. காரணத்தை வாயால சொன்னா யாரும் முழுசா கேக்க மாட்டேங்கறாங்க. அதனால இங்க எழுதறேன். நாளைக்கு வேற யாராவது மலைக்குக் கிளம்பினா அவங்களுக்கும் உதவும்.

கேம் ஜாம்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு வரி. குறிச்ச நேரத்துக்குள்ள ஒரு விளையாட்டை யோசிச்சு, செஞ்சு, முடிச்சு, மத்தவங்க கையில கொடுத்துடணும். 2002-ல இணையத்துல 'லூடம் டேர்' ஆரம்பிச்சது. 2009 ஜனவரியில முதல் 'குளோபல் கேம் ஜாம்' இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள்ல ஒரே வார இறுதியில நடந்தது. கணக்கு 48 மணி நேரம். அது கடிகாரக் கணக்கு அய்யா. அதுக்குள்ள தூங்கக்கூடாதுன்னு எந்தச் சாமியும் சொல்லலை. தூக்கம் இல்லாதவன் செய்யற விளையாட்டுல பிழை திருத்தவே அடுத்த நாள் போயிடும்.

ஆனா எனக்கு முன்மாதிரி இது ரெண்டுமே இல்லை. 2005-ல அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல நாலு மாணவர்கள் ஒரு வேலை பண்ணாங்க. கைல் கேப்ளர், கைல் கிரே, மேட் குசிக், ஷாலின் ஷோதன்னு நாலு பேர். ஒரே செமஸ்டர்ல ஐம்பதுக்கும் மேல சின்னச் சின்ன விளையாட்டு செஞ்சு தள்ளிட்டாங்க. அவங்க வச்ச விதி மூணே மூணுதான். ஒண்ணு, ஒரு விளையாட்டு ஏழு நாளுக்குள்ள முடியணும். ரெண்டு, அதை ஒரே ஒருத்தர்தான் செய்யணும். மூணு, எல்லாரும் ஒரே கருப்பொருள்ல செய்யணும். ஈர்ப்புவிசை, செடிகொடி, கூட்டமாப் பறக்கிற பூச்சிங்கிற மாதிரி.

ரெண்டாவது விதியை நல்லா கவனிங்க. அணிதான், ஆனா விளையாட்டு தனி ஆளோடது. ஒரு விளையாட்டுக்கு நாலு பேர் சேர்ந்தா என்ன நடக்கும்? பேர் என்ன வைக்கிறதுன்னே ஒரு பகல் போகும். கதாநாயகனுக்கு மீசை வேணுமா வேணாமான்னு ஒரு ராத்திரி போகும். தனியா செஞ்சா வாக்குவாதம் கிடையாது. அணி எதுக்குன்னா, செஞ்சதை ஆடிப் பார்த்து மூஞ்சிக்கு நேரா "தேறாது"ன்னு சொல்றதுக்கு.

அந்த ஐம்பதுல பெரும்பாலானதை இன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. தோத்தாலும் பரவாயில்லைங்கறதை அவங்களே ஒரு கொள்கையா எழுதி வச்சாங்க. ஆனா அதுல கேப்ளர் செஞ்ச ஒரு குட்டி விளையாட்டு, பிசுபிசுன்னு ஒட்டுற உருண்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுறது. அதுதான் பின்னாடி வளர்ந்து 2008-ல 'வேர்ல்ட் ஆஃப் கூ'வா வந்து உலகம் பூரா ஓடிச்சு. 'பாபா இஸ் யூ' கதையும் அதே. 2017-ல நார்டிக் கேம் ஜாம்ல ஃபின்லாந்துக்காரர் அர்வி தெய்க்கரி செஞ்ச சின்ன விளையாட்டு அது. கடைக்கு வந்தது 2019-ல. விதை கிடைச்சது ஒரு வார இறுதியில, மரமாக ரெண்டு வருஷம். விதையைத் தேடறப்ப வேகம் வேணும், வளர்க்கறப்ப பொறுமை வேணும். நம்ம பிரம்மாண்டக் கட்சி ரெண்டு நாள்ல மரத்தையே நட்டுட்டு வரணும்ங்குது.

இப்ப நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். 2021 ஜனவரியில மத்திய அரசு 'டாய்கத்தான்' அறிவிச்சது. இந்திய மரபை ஒட்டி பொம்மையும் விளையாட்டும் செய்யச் சொல்லி ஒரு போட்டி. சுமார் 1.2 லட்சம் பேர் பதிவு செஞ்சாங்க. 17,000-க்கும் மேல யோசனைகள் வந்துச்சு. அதுல 1,567 தேறி, ஜூன் 22 முதல் 24 வரை மூணு நாள் இறுதிச்சுற்று நடந்தது. கொரோனா காலம், அதனால ஆன்லைன்ல. அதுல குத்தம் சொல்ல மாட்டேன்.

என் சண்டை அந்தப் பதினேழாயிரத்தோட. அது என்ன எண்ணிக்கை? பதினேழாயிரம் யோசனை. யோசனையை எண்ணி என்ன பண்றது? டீக்கடையில அரை மணி நேரம் உக்காந்தா ஒன்பது யோசனை நானே தருவேன். விளையாட்டுங்கறது ஸ்லைடுல இருக்காது. ஒரு குழந்தை அதைக் கையில எடுத்து, ஆடி, தோத்து, கோவப்பட்டு, "இன்னொரு தடவை"ன்னு கேக்கற நிமிஷத்துலதான் அது விளையாட்டு ஆகுது. அதுக்கு முன்னாடி அது வெறும் காயிதம். யோசனைக்குப் பரிசு கொடுத்தா நல்லா யோசனை சொல்றவங்க வளருவாங்க. விளையாட்டு வளராது. எங்க கோஷ்டியும் அதே வழியிலதான் போகுது: நடுவர், ஸ்லைடு, பரிசு. ஆடறதுக்கு மட்டும் ஆளே கிடையாது!

ஆடறதுக்கு ஆள் யாருன்னு கேட்டா பதில் மலை மேலயே இருக்கு. ஜவ்வாது மலையில பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளாவோட குழப்பிக்காதீங்க. மலையில வாழ்றவங்கன்னு அர்த்தம், பேசறது தமிழ்.) அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் அங்க இருக்கு. வார இறுதியிலயும் பிள்ளைங்க ஹாஸ்டல்லயே இருப்பாங்க. இவ்வளவு நல்ல ஆட்டக்காரங்க பக்கத்துல இருக்கறப்ப, நாம கூடாரத்துக்குள்ள உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் லேப்டாப்பைக் காட்டிக் கைதட்டிக்கணுமாம். அதுக்கு ஜவ்வாது மலை எதுக்கு? வேலூர்ல ஒரு மொட்டை மாடி போதாதா?

இன்னொண்ணும் யோசிங்க. ஆடுபுலி ஆட்டத்துல மூணு புலி, பதினஞ்சு ஆடு. ஏன் பதினாறு இல்லை? நேபாளத்துல இதே ஜாதி விளையாட்டு 'பாக் சால்'. அதுல கட்டம் வேற, நாலு புலி, இருபது ஆடு. கட்டம் மாறினா கணக்கும் மாறுது. இதை ஒரு ஆள் உக்காந்து ஒரே ராத்திரியில கண்டுபிடிச்சார்னு நான் நம்பலை. தரையில கோடு கிழிச்சு, ஆடிப் பார்த்து, புலியே ஜெயிச்சா ஆட்டைக் கூட்டி, ஆடே ஜெயிச்சா குறைச்சு, சரிவராத கோட்டைக் காலால அழிச்சு... அழிக்க ஒரு செகண்டுதான் ஆகும்ங்கறதாலதான் அத்தனை தடவை திருத்த முடிஞ்சிருக்கும். இதுதானே ஜாம்? நம்ம பாட்டன் பூட்டனுக்கு அதுக்கு ஒரு ஆங்கிலப் பேர் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, எதிர்ப்பக்கம் சொல்றதுக்கும் பதில் சொல்லணும்ல.

"வேகமா செஞ்சா மொக்கையா வரும். அதே மலையில காவலூர்ல தொலைநோக்கி இருக்கே, அது ரெண்டு நாள்லயா வந்தது?"ன்னு ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. ஆனா காவலூர் கதையை முழுசா பார்த்தா அது என் கட்சி! அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில திறக்கப்பட்டது. அதுக்காகப் பாடுபட்ட வைணு பாப்பு 1982-லயே காலமாயிட்டார், அவர் பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. ஆனா அங்க 1968-ல வேலை ஆரம்பிச்சது எதை வச்சு? 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வச்சு. அப்புறம் 1972-ல 1 மீட்டர். யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்கறது உலகத்துக்குத் தெரிய வந்த 1977 மார்ச் 10 ராத்திரி, காவலூர்ல அதைப் பதிவு பண்ணினது அந்த 1 மீட்டர்தான். பெருசு வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா அந்த ராத்திரி போயே போயிருக்கும். சின்னதை வச்சு வேலை பழகினவங்கதான் பெருசைக் கட்டினாங்க.

காவலூர்னதும் ஞாபகம் வருது. அந்த இடத்தை வானம் இருட்டா இருக்கறதாலதான் தேர்ந்தெடுத்தாங்க. அந்த மலைக்குப் போய் ஃபோகஸ் லைட்டும் டிரோனும் விடுறேன்னு சொல்றவங்களை என்ன சொல்ல? கேம்ப்ஃபயர் அதை விடக் கொடுமை. பிப்ரவரியில இருந்து கோடை முடியற வரைக்கும் காட்டுத்தீ காலம். சருகு காஞ்சு கிடக்கிற காட்டோரம் நெருப்பு வச்சு கிடார் வாசிக்கறது கலை இல்லீங்க.

அடுத்த கேள்விதான் உண்மையிலேயே கனமானது. "அங்க ரோடு சரியில்லாத ஊர் இருக்கு, ஆஸ்பத்திரி தூரம். அந்தப் பிள்ளைங்களுக்கு நீ போய் விளையாட்டு காட்டப் போறியா?" இதைக் கேட்டவர் கேலியா கேக்கலை. என் பதில்: நம்ம ரெண்டு நாளால ரோடு வராது, வரும்னு நடிக்கவும் கூடாது. இதைச் 'சேவை'ன்னு சொன்னா முதல் ஆளா நான் வெளிய போயிடுவேன். நாம கொடுக்கப் போகலை, கத்துக்கப் போறோம். நம்ம விளையாட்டு நல்லா இருக்கா இல்லையான்னு தீர்ப்பு சொல்ற இடத்துல அவங்க இருக்காங்க, பாஸா ஃபெயிலான்னு தெரியாம நிக்கறது நாம. கஷ்டப்படற பிள்ளைக்கு விளையாட்டு எதுக்குன்னு கேக்கறவங்க, தன் பிள்ளைக்கு மட்டும் வாரம் ஒரு பொம்மை வாங்கித் தராங்களே, அது எப்படி?

"பரிசு இல்லைன்னா யாரும் வரமாட்டாங்க"ன்னு ஒரு முணுமுணுப்பு. பரிசுக்காக வர்றவர் வரவே வேணாம். சோறு நல்லா இருக்கும், சாமைச் சோறு.

வெறும் எதிர்ப்பு போதாது, மாற்றுத் திட்டமும் வைக்கணும். இதோ:

1. மூணு அணி, அணிக்கு மூணு பேர். ஆனா ஒரு விளையாட்டு ஒருத்தரோடது. கூட இருக்கிற ரெண்டு பேர் ஆடிப் பார்த்துத் திட்டணும்.

2. ரெண்டு நாள், நாலு அரை நாள். முதல் மூணு அரை நாள்ல ஆளுக்கு ஒண்ணு வீதம் 27 விளையாட்டு. கடைசி அரை நாள் எதுவும் செய்யக்கூடாது. பிள்ளைங்க எதைக் கேக்கறாங்களோ அதை மட்டும் ஆடணும்.

3. சாமான்: சாக்பீஸ், கூழாங்கல், புளியங்கொட்டை, பழைய காலண்டர் அட்டை. லேப்டாப் அணிக்கு ஒண்ணு, அதுவும் இணையம் இல்லாம ஓடுற விளையாட்டுக்கு மட்டும்.

4. விதியை ஒரு நிமிஷத்துல சொல்லி முடிக்கணும். அதுக்கு மேல போனா விளையாட்டைக் குறைங்க.

5. பிள்ளை எழுந்து போயிட்டா அந்த விளையாட்டு செத்துச்சு. கூப்பிடக்கூடாது, "இல்ல தம்பி, இதுல ஒரு ட்விஸ்ட் இருக்கு"ன்னு கெஞ்சக்கூடாது. கோட்டை அழிச்சுட்டு அடுத்தது.

6. பிள்ளைங்க விதியை மாத்தினா, மாத்தின விதிதான் விதி.

7. பள்ளியில முன்னாடியே அனுமதி வாங்கணும். பிள்ளைங்களைப் படம் எடுக்கக்கூடாது. ராத்திரி பத்து மணிக்குத் தூங்கணும்.

8. மேடை கிடையாது, கோப்பை கிடையாது. நாம கிளம்பின மறுவாரம் வார்டனுக்கு ஒரு போன். "இன்னும் ஏதாவது ஆடறாங்களா சார்?" அதுதான் ரிசல்ட்.

27-ல 25 சாகும். சாகட்டும், அதுக்குத்தான் 27. மிச்சம் ரெண்டு அந்த முற்றத்துல ஓடினா, அதை எடுத்து ஒரு வருஷம் பொறுமையா வளர்ப்போம். அப்ப பேசலாம் பிரம்மாண்டத்தைப் பத்தி. ஒண்ணுகூட தேறலைன்னாலும் 27 வழியில எப்படி ஒரு பிள்ளைக்குப் போரடிக்கும்னு தெரிஞ்சிருக்கும். எந்த நடுவரும் அதை நமக்குச் சொல்லித்தர மாட்டார்.

கூடாரத்துக்குன்னு வசூல் பண்ணின காசை அப்படியே வச்சிருக்கோம். அதுல சாக்பீஸ் வாங்கலாமா, கூடாரமே வாங்கலாமான்னு வர்ற ஞாயிறு ஓட்டெடுப்பு. என் ஓட்டு எதுக்குன்னு சொல்ல வேணாம்ல :-)

டிஸ்கி: கிடார் நண்பருக்கு. கிடார் மேல எனக்குக் கோவம் இல்லை. நெருப்பு இல்லாம வாசிங்க, கேக்கறோம்.