கை தேர்ந்த பிறகே கத்தி!

மாமரத்தில் ஏறிய சிறுவன் கீழே விழுகிறான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிடுகிறது. குழந்தைகளுக்கு முழங்கைப் பக்கம் ஏற்படும் முறிவுகளில் இதுதான் அதிகம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டுப் போட்டு, படுக்க வைக்கிறார்கள்.

இரவு 2 மணி. மருந்து கொடுத்தும் பையனுக்கு வலி அடங்கவில்லை. அழுகிறான்.

"எலும்பு முறிந்தால் வலிக்கத்தானே செய்யும்? காலையில் பெரிய டாக்டர் வருவார்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். அல்லது, அவன் விரல்களை மெல்ல நீட்டிப் பார்க்கலாம். நீட்டும்போது அலறினால் ஆபத்து! கட்டுக்குள் சதை வீங்கி, ரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். உடனே கட்டைப் பிரிக்க வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் ஆபரேஷன். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். வோல்க்மன் என்ற ஜெர்மன் டாக்டர் 1881-லேயே இதை எழுதிவைத்தார்.

அந்த நேரத்தில் கட்டில் ஓரம் நிற்பவர், பெரும்பாலும் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருக்கும் இளம் டாக்டர். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் அவர் சரியாகவே பதில் எழுதுவார். ஆனால் தூக்கக் கலக்கத்தில், அந்த விரலைத் தொட்டுப் பார்க்க அவருக்குத் தோன்றுமா?

எலும்பு டாக்டர்களை எப்படித் தயார் செய்வது என்ற வாதத்தின் உயிர்நாடி இதுதான். இத்தனை வருஷம் படித்தார், பரீட்சை தேறினார் என்பது போதுமா? அல்லது, ஒவ்வொரு வேலையையும் தாமே செய்யத் தெரிந்தவர் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டுமா?

கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

தையல் கடையைப் பாருங்கள். புதிதாக வந்த பையனுக்கு முதலில் காஜா எடுக்கும் வேலை. பிறகு ஓரம் அடிப்பது. கை படிந்த பிறகுதான் கத்தரிக்கோல் கிடைக்கும். "நான் வந்து 3 வருஷம் ஆகிறது" என்று சொன்னால், பட்டுத் துணியை வெட்டக் கொடுத்துவிடுவாரா கடைக்காரர்?

கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகம் 2009-ல் இப்படி ஒரு முயற்சியை ஆரம்பித்தது. எலும்பு மருத்துவம் படிக்க வந்தவர்களில் சிலரை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டது. பாடத்தை வேலை வேலையாகப் பிரித்தது. பிளாஸ்டிக் எலும்பில் துளையிடவும், அறுக்கவும் தொடக்கத்திலேயே பழக்கியது. ஒரு பகுதியில் தேறினால்தான் அடுத்த பகுதி. 2013 முதல் புதிதாகச் சேர்ந்த அனைவருக்கும் இதே முறை வந்தது.

ஹாலந்தில் டென் காட்டே என்ற பேராசிரியர், 2005-ல் நம்பிக்கையையே அளவுகோலாக்கினார். மாணவர் முதலில் பார்க்க மட்டும் செய்யலாம். அடுத்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்கச் செய்யலாம். அப்புறம், கூப்பிட்டால் ஆசிரியர் வரும் தூரத்தில் இருந்தால் போதும். பிறகு தனியாக. கடைசியில்தான் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

விளையாட்டு மருத்துவத்தில் சங்கதி இன்னும் சிக்கல். கபடி ஆடிய வாலிபனுக்கு முழங்கால் திருகிக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளே தசைநார் அறுந்திருந்தால் எக்ஸ்ரே காட்டாது! முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்த்தால், பழகிய கைக்கு அது தெரிந்துவிடும். பழகாத கை, "எலும்பு முறியவில்லை, போய் ஆடு" என்று அனுப்பிவிடும்.

கண்டுபிடித்த பிறகும் ஒரு சோதனை உண்டு. நாளைக்கு இறுதிப் போட்டி. "ஊசி போட்டு இறக்கிவிடுங்கள் டாக்டர்" என்று குழுவின் மேனேஜர் நெருக்குகிறார். "முடியாது" என்று சொல்லும் திடமும் இந்தத் தொழிலில் ஒரு தேர்ச்சிதான். அதையும் சோதிக்கலாம். ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்துப் பேராசிரியர் ஹார்டன் 1975-ல் எழுதிய பரீட்சை முறையில், மாணவர் மேஜை மேஜையாகச் செல்வார். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. நோயாளியாக ஒருவர் நடிக்கவும் நடிப்பார். மேனேஜராக நடிக்க ஆளா கிடைக்காது?

நம் நாட்டிலும் 2019-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு இந்த வழிக்கு மாறியது. எலும்பு மருத்துவ மேல்படிப்புக்கு 3 வருஷம். அதில் 3 மாதம் மாவட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. செய்த வேலைகளை எழுதிவைக்க மாணவருக்குப் பதிவேடும் உண்டு. ஆனால் கடைசி வாரத்தில் 100 பக்கத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கினால், அது கையெழுத்துப் பயிற்சியே தவிர வேறில்லை!

"வாசலில் 200 நோயாளிகள் காத்திருக்கிறார்கள். மாணவன் கையை உட்கார்ந்து பார்க்க நேரம் எங்கே?" என்று பேராசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதுப் பாடத்திட்டம் அச்சடிக்கும் அரசாங்கம், கூடவே ஆசிரியர்களையும் அதிகமாக நியமிக்க வேண்டும். மாணவனைப் பக்கத்தில் நின்று பார்க்கும் அந்த அரை மணியையும், ஆபரேஷன் செய்த நேரத்தைப்போலவே வேலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவை முதலில் ஒதுக்கிவிட்டு, பிறகு பாடத்திட்டத்தை அச்சுக்குக் கொடுக்கட்டும்.