எண்ணுதல் காணுதலாகுமா?

வனவிலங்கு ஓவியம் ஒன்றைக் காட்டி, "படத்தில் காண்பன யாவை?" என வினவுவது தமிழ்ப் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். "யானை நிற்கிறது, பறவை பறக்கிறது, குளம் உள்ளது" என எழுதிய மாணாக்கனுக்கு மதிப்பெண் கிட்டிவிடுகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது, இப்பழக்கமோ ஒழிந்தபாடில்லை. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதை நினைவுகூர்ந்து, 2016இல் தமிழ்க் கல்வியின் இருநூறாண்டு நிறைவைக் கொண்டாடிய நாட்டிற்கு இது தகுமா?

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தைக் கொள்வோம். ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியம் அது. தாமரைப் பொய்கை; அதனுள் யானைகள், எருமைகள், மீன்கள், அன்னங்கள்; மலர் கொய்யும் ஆடவர் மூவர். பட்டியல் இத்துடன் முடிந்தது. ஓவியமோ இனித்தான் தொடங்குகிறது. விலங்கும் புள்ளும் மனிதரும் ஒரே நீரில் அச்சமின்றி இருப்பது ஏன்? மனிதர் கையில் வேலின்றி மலர் இருப்பது ஏன்? குடைவரையே விடைக்கு வழிகாட்டுகிறது. அது சமணர் கோயில். தீர்த்தங்கரர் உருவங்கள் அங்குச் செதுக்கப்பட்டுள்ளன. ஆகவே, தீர்த்தங்கரர் அறமுரைக்கும் சமவசரணத்தின் நீர்நிலையில் அடியார் மலர் கொய்யும் காட்சி இது என அறிஞர் விளக்கினர். கண்ட பொருள், அஃது அமைந்த இடம், வரைவித்தோர் கொள்கை ஆகிய மூன்றும் அவ்விளக்கத்தைத் தாங்குகின்றன.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. படத்தை ஊன்றிப் பாராமலே "விலங்குகளைக் காப்போம்" என்று அறவுரை எழுதச் செய்வாரும் உளர். எவ்வோவியத்திற்கும் பொருந்தும் விளக்கம் எதற்கும் விளக்கமன்று.

தொடக்கப்பள்ளிச் சிறுவனுக்கு இவை மிகை என்பர் சிலர். இவ்வாதம் பொருந்தாது. விலங்கையும் மரத்தையும் புள்ளையும் கருப்பொருளாக வகுத்தவர் தொல்காப்பியர். அவற்றில் தெய்வம் ஒழிந்தவற்றை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை உவமம் அமையும் என்றும் அவர் கூறினார். புலப்படும் காட்சியினின்று புலப்படாப் பொருளை உணர்வது தமிழ் மரபின் உயிர்நாடி. பத்து வயதில் யானையை எண்ண மட்டுமே கற்றவன், பதினேழு வயதில் குறிஞ்சிப் பாட்டின் யானையையும் எண்ணிவிட்டு அமர்ந்திருப்பான். அக்குறை அவனுடையதன்று.

எனவே ஆசிரியர்கள் "என்ன உள்ளது?" என்ற வினாவோடு நில்லாது, "ஏன் அவ்வாறு உள்ளது? அதற்குப் படத்தில் சான்று எங்கே?" என்றும் கேட்க வேண்டும். சான்று காட்டிய விடை ஆசிரியர் எண்ணத்தினின்று மாறுபட்டாலும் மதிப்பெண் பெறட்டும். சான்றில்லா விடை எத்துணை அழகிய தமிழில் இருப்பினும் திருத்தப்படட்டும்.