சிமிலான் போகிறவர்கள் கவனத்திற்கு: மூடியிருக்கும் ஐந்து மாதத்துக்கும் சேர்த்துத்தான் காசு

தாய்லாந்து டூர் என்றால் பாங்காக், பட்டாயா, ஷாப்பிங், அவ்வளவுதான் என்று இருந்த காலம் போய்விட்டது. ஃபூகெட் பக்கம் கிளம்பும் நண்பர் கூட்டங்களின் பட்டியலில் இப்போது ஸ்நார்க்கெலிங்கும் இருக்கிறது. முகத்தில் ஒரு கண்ணாடி, வாயில் ஒரு மூச்சுக்குழாய், மிதந்தபடியே குனிந்து பவளப்பாறையையும் மீனையும் பார்க்க வேண்டியதுதான். சிலிண்டர் மாட்டி ஆழத்துக்குப் போகிறவர்களைப் போல பயிற்சிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. இதற்குப் பெயர்போன இடம் அந்தமான் கடலில் இருக்கும் சிமிலான் தீவுகள்.

மலாய் மொழியில் ஒன்பது என்று அர்த்தம் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர். ஒன்பது தீவுகளோடு 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. பிறகு போன், தாச்சாய் என்று இரண்டு தீவுகள் சேர்ந்து பதினொன்றாயின. காவோ லாக் பக்கத்தில் தாப் லாமு என்ற படகுத்துறை. அங்கிருந்து ஸ்பீட்போட்டில் சுமார் ஒன்றரை மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

டூர் திட்டம் போடும்போது முதலில் வரும் கேள்வி என்ன? "எந்தப் படகு மலிவு?" அடுத்து வருவது புலம்பல். மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை பூங்கா மூடல். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. தீவில் ராத்திரி தங்கக் கூடாது. 1, 2, 3 எண் தீவுகளில் காலே வைக்கக் கூடாது. காசு கொடுக்கிறவனுக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு?

உண்மையில் அந்தக் காசு இந்தக் கட்டுப்பாடுகளுக்காகத்தான் கொடுக்கப்படுகிறது. பல ஆண்டுகளாக வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு 500 பாட் என்று இருந்துவரும் நுழைவுக் கட்டணம் வெறும் மணலுக்கும் தண்ணீருக்கும் இல்லை. அவை வேறு எத்தனையோ கடற்கரைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிமிலானில் விற்பனைக்கு இருப்பது உயிரோடு இருக்கும் பவளப்பாறை. அதை உயிரோடு வைத்திருப்பதில் இந்தத் தடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு ஸ்பீட்போட்டின் எரிபொருள், ஓட்டுநர், வழிகாட்டி எல்லாம் பதினைந்து பேர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அப்படியென்றால் தலைக்கு விலையைக் குறைக்க என்ன வழி? தலைகளைக் கூட்டுவது. இல்லாவிட்டால் வழிகாட்டியைக் குறைப்பது. கூடுதலாக ஏறும் பத்துப் பேரால் வரும் லாபம் அந்தப் படகுக்காரருக்கு. பாறை உடைந்தால் நஷ்டமோ எல்லாப் படகுகளுக்கும். எல்லோரும் இதே கணக்கைப் போட்டால் கடைசியில் விற்க எதுவும் மிஞ்சாது. யாராவது வெளியிலிருந்து ஒரு கோடு போட்டே ஆக வேண்டும்.

கோடு போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் அதே பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. தாச்சாய் தீவின் கடற்கரை சுமார் எழுபது பேரைத்தான் தாங்கும் என்று பூங்காத் துறையே 2016-ல் சொன்னது. சில நாட்களில் வந்தவர்களோ ஆயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு அக்டோபர் முதல் தீவைக் காலவரையறை இல்லாமல் மூடிவிட்டார்கள்.

தெற்கே ஃபீ ஃபீ தீவுகளில் இருக்கும் மாயா விரிகுடா கதையும் இதேதான். ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை வந்த இடம் அது. 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் நுழையக் கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆள் இல்லாத அந்த மூன்றரை வருடத்தில் கருமுனைச் சுறாக்கள் கரையோரம் திரும்பி வந்தன. கடலுக்கு விளம்பரமோ பராமரிப்புக் கம்பெனியோ தேவைப்படவில்லை, விடுமுறைதான் தேவைப்பட்டது!

சிமிலானுக்கும் 2018 அக்டோபரில் ஒரு வரம்பு வந்தது. ஒரு நாளைக்கு 3,325 பேர். ராத்திரி தங்கல் ரத்து. படகு நடத்துகிறவர்கள் கொதித்தார்கள், எதிர்ப்பும் தெரிவித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வங்கிக் கடன் வாங்கிப் படகு விட்டவருக்குத் தவணை நிற்காது. வரம்பு வந்தால் டிக்கெட் விலை ஏறும், மாணவர்கள் போக முடியாமல் போகும் என்பதும் உண்மைதான். ஆனால் வரம்புக்கு மாற்று "எல்லோருக்கும் அனுமதி" என்று நினைப்பதுதான் தப்பு. நிஜமான மாற்று தாச்சாய். அங்கே கரையில் இறங்க ஒருவருக்கும் அனுமதி இல்லாமல் போனது, அதனால் வந்த வருமானமும் நின்றது.

ஐந்து மாத மூடல் பாறைக்கு மட்டுமில்லை, மனிதர்களுக்கும் நல்லது. அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். 2018 ஜூலை 5-ம் தேதி, வானிலை எச்சரிக்கை இருந்தும் ஃபூகெட் அருகே கடலுக்குப் போன 'பீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் இறந்தார்கள். பூங்காவே மூடியிருக்கும் மாதங்களில் "வேறு தீவுக்கு ஸ்பெஷல் ஆஃபர்" என்று வரும் விளம்பரத்தைப் படிக்கும்போது இந்தத் தேதி ஞாபகத்தில் இருப்பது நல்லது. சீசன் இல்லாத காலத்து விலைக்குறைப்பு சும்மா வருவதில்லை.

சரி, அப்படியென்றால் திட்டம் எப்படிப் போட வேண்டும்?

முதலில் காலண்டர், பிறகு விமான டிக்கெட். விலை குறைவு என்று ஜூனில் டிக்கெட் போட்டுவிட்டுப் பூங்காவைத் திட்டுவதில் பயனில்லை.

அடுத்து படகுக்காரரிடம் கேள்விகள். ஒரு படகில் எத்தனை பேர்? அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? தண்ணீரில் இறங்கும்போது வழிகாட்டியும் கூட இறங்குவாரா? நங்கூரத்தைப் பாறை மேல் போடுவார்களா, மிதவையில் கட்டுவார்களா? வானிலை மோசமானால் பயணத்தை ரத்து செய்து காசைத் திருப்பித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த கடையைப் பார்க்கலாம். விலையைக் கேட்பது இதற்கெல்லாம் பிறகு.

நீச்சல் தெரியாதவர்கள் அதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது. கூட்டத்தில் ஒருவர் பயந்துபோய்க் காலை ஊன்ற இடம் தேடினால், அவர் ஊன்றுவது பெரும்பாலும் பவளத்தின் மேல்தான். பாறாங்கல் போலத் தெரியும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். ஒரு உதையில் போவது ஒரு மாணவனின் பள்ளிப் பருவம் முழுக்க வளர்ந்ததாக இருக்கலாம்.

சன்ஸ்க்ரீன் டப்பாவையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் உள்ளிட்ட நான்கு ரசாயனங்கள் கலந்த சன்ஸ்க்ரீனுக்கு 2021 ஆகஸ்ட் முதல் தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் தடை. அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று வாங்கினால் உடம்பில் பாதிக்கு மேல் கிரீமே தேவைப்படாது.

இதையெல்லாம் செய்தால் பவளப்பாறை தப்பித்துவிடுமா? அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது. 2010-ல் கடல் சூடேறி அந்தமான் கடலின் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2011 தொடக்கத்தில் பல முக்குளிப்பு இடங்களை அரசு மூட வேண்டி வந்தது. அந்தச் சூட்டை ஒரு படகுக்காரரோ ஒரு பூங்கா அதிகாரியோ தணிக்க முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடப்பவரை மிதிக்காமல் இருக்கலாம் அல்லவா? வரம்பு, மூடல், தடை எல்லாம் செய்வது அவ்வளவுதான்.

அதனால் சிமிலானுக்கு ஒரு தேதியில் இடம் கிடைக்கவில்லை என்றால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம். அடுத்த தேதிக்குப் பதிவு செய்யலாம். அன்றைக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால், பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கும்.